ஆசிரியர் ஆய்வாளராதல்: பெரார்கஞ்ச் வட்டத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுள் மிகச் சிலரே தொடர்ந்து ஆய்வு செய்கின்றனர் என்பது கல்வியுலகில் நெடுநாளாகக் கூறப்பட்டுவரும் குறையாகும். நேரமின்மை, நூலக வசதியின்மை, நிதியின்மை, ஆய்வுப் பயிற்சியின்மை ஆகியன இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இவை உண்மையே. ஆயினும் இவை மட்டுமே காரணங்கள் எனின், இவ்வசதிகள் இன்றைக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு குறைவாக இருந்த காலங்களில், பள்ளியிலோ கல்லூரியிலோ முழுநேரம் கற்பித்துக்கொண்டே பெரும் ஆய்வுகளை நிகழ்த்தியவர்கள் எவ்வாறு தோன்றினர் என்னும் வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. வசதிகள் பெருகியுள்ள இக்காலத்திலும் முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் பலர் பட்டத்திற்குப் பின் எழுதுவதை நிறுத்திவிடுகின்றனர் என்பதற்கும் அக்காரணங்கள் விளக்கம் தருவதில்லை.

ஆசிரியரைத் தொடர்ந்து ஆய்வு செய்பவராக ஆக்கும் காரணிகள் மூன்று எனக் கொள்வதற்கு இடமுண்டு. ஒன்று, அன்றாடம் குறித்துவைக்கும் பழக்கம். இரண்டு, அக்குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் ஒருவர் இருத்தல். மூன்று, குறிப்புகளைத் தாமே பகுத்தாய்வதற்குரிய முறையியல் பயிற்சி. இன்றைய கல்வி அமைப்பு மூன்றாவதை மட்டுமே பெருமுயற்சியுடன் வழங்கி, முதலிரண்டையும் புறக்கணித்துள்ளது. இக்கருத்தைத் தெற்கு அந்தமானிலுள்ள பெரார்கஞ்ச் வட்டத்தின் மொழிச்சூழலையும், அத்தீவுக் கூட்டத்தின் பழைய வரலாற்று நிகழ்வு ஒன்றையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெரார்கஞ்ச்: தரவு நிறைந்த வகுப்பறை

தெற்கு அந்தமான் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று பெரார்கஞ்ச். 1920-களில் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்பவரின் பெயரோடு, சந்தையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லாகிய ‘கஞ்ச்’ சேர்ந்து இவ்வூர்ப் பெயர் அமைந்தது. அண்மையிலுள்ள விம்பர்லிகஞ்ச் என்னும் பெயரும் இவ்வகையினதே. 1921-ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் இங்குக் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் தம் சொந்த ஊர்களின் பெயர்களைத் தெற்கு அந்தமானில் வைத்தனர். திரூர், மன்னார்காட் முதலியன அவ்வாறு வந்தவை. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்தினர் குடியேற்றப்பட்டனர். சோட்டா நாகபுரியிலிருந்து தொழிலாளர் வந்தனர். தமிழரும் தெலுங்கரும் தொழிலின் பொருட்டும் பணியின் பொருட்டும் வந்து நிலைத்தனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் வங்காளத்தையும், 19 விழுக்காட்டினர் இந்தியையும், 15 விழுக்காட்டினர் தமிழையும், 13 விழுக்காட்டினர் தெலுங்கையும், 7 விழுக்காட்டினர் மலையாளத்தையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இவர்களுக்கிடையே பொதுமொழியாக வழங்குவது, இலக்கண வரம்புகள் பல நெகிழ்ந்த அந்தமான் இந்தியாகும்.

இத்தகைய சூழலில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரின் முன் ஒவ்வொரு நாளும் விழும் மொழித்தரவு சிறிதன்று. ‘பெரார்கஞ்ச்’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். இதன் முதலெழுத்தாக மூலத்தில் நிற்கும் உரசொலி தமிழில் பகரமாகிறது. ஆய்தம் சேர்த்து எழுதுவோரும் உளர். தமிழ்ச் சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்பதில்லை என்பது மரபு. இப்பெயரோ வல்லின மெய்யில் முடிகிறது. தமிழ்க் குழந்தைகள் உகரம் சேர்த்துக் ‘கஞ்சு’ என்கின்றனரா, அன்றி இந்திப் பழக்கத்தால் மெய்யிலேயே நிறுத்துகின்றனரா? வீட்டில் பாட்டி ஒருவகையாகவும் பேரன் வேறுவகையாகவும் ஒலிக்கின்றனரா? அவ்வாறாயின் மாற்றம் எந்தத் தலைமுறையில் நிகழ்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண ஆய்வகமோ பெருநிதியோ வேண்டுவதில்லை. நாள்தோறும் செவிமடுத்துக் குறித்துவைப்பார் ஒருவர் வேண்டும்.

இதுபோன்றே உறவுப்பெயர்களும். தமிழகத்தின் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களிடையே மணவுறவு ஏற்படும்போது எந்த வட்டாரத்து உறவுப்பெயர் நிலைபெறுகிறது? ழகர, ளகர வேறுபாடு எத்தகைய குழந்தைகளிடம் எஞ்சியுள்ளது? இந்திப் பெயர்களோடும் வினைகளோடும் ‘பண்ணு’ என்னும் துணைவினை எந்த அளவில் சேர்கிறது? குடியேறிய முதல் தலைமுறையினர் முதுமையெய்தி மறைந்துவரும் காலம் இது. இவ்வினாக்களுள் சிலவற்றுக்குரிய சான்றுகள் அவர்களோடு மறைந்துவிடும்.

அந்தமானில் மொழிச்சான்று மறைதல் என்பது வெறும் அச்சமன்று. அக்கா-போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் மறைந்தார். பேராசிரியர் அன்விதா அப்பி 2005 முதல் மேற்கொண்ட ஆவணப்பணி இல்லையெனில் அம்மூதாட்டியின் பேச்சு நமக்குக் கிடைத்திராது. பேரந்தமானிய மொழிக்கு அவர் எழுதிய இலக்கணம் 2013-இல் வெளிவந்தது. குடியேறியோரின் தமிழ் அவ்வாறு அழியும் நிலையில் இல்லை. எனினும் ஒரு தலைமுறையின் பேச்சு, அது வழங்கும்போது குறிக்கப்படாவிடின் பின்னர்க் கிடைப்பதில்லை என்னும் உண்மை இரண்டுக்கும் பொதுவாகும்.

3. கார் நிக்கோபாரில் ஓர் ஆசிரியரின் நாட்குறிப்பு

இத்தீவுகளில் ஆசிரியர் ஒருவரின் குறிப்பு உலக ஆய்வரங்கை எட்டிய முன்னிகழ்வு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வேதப்பன் சாலமன் என்னும் தமிழ்க் கிறித்தவர், கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் உபதேசியாராகவும் பள்ளி ஆசிரியராகவும் வாழ்ந்தார். அரசின் முகவர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அவர் எழுதிவந்த நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902-ஆம் ஆண்டு இலண்டன் மானிடவியல் கழக ஆய்விதழின் 32-ஆம் தொகுதியில் அச்சாயின. அவருடைய மாணவருள் ஒருவரான ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் தம் தீவிலேயே ஆசிரியராகவும் பேராயராகவும் விளங்கினார். புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்த்தவரும் அவரே. 1952-இல் நாடாளுமன்றத்தில் இத்தீவுகளின் முதல் உறுப்பினராக நியமிக்கப்பட்டவரும் அவர்தாம்.

பல்கலைக்கழகத் தொடர்பில்லாத, கப்பல் வருகையை எதிர்நோக்கி வாழ்ந்த ஓர் ஆசிரியரின் எழுத்து அத்தகைய ஆய்விதழில் இடம்பெற்றது எவ்வாறு? இரு காரணங்கள் புலனாகின்றன. முதலாவது, அவர் அன்றாடம் எழுதினார். தாம் வாழ்ந்த ஊரின் நிகழ்வுகளை நிகழ்ந்த நாளிலேயே பதிவு செய்தமையால், அரிய செய்திகளும் எளிய செய்திகளும் ஒருங்கே அதில் அமைந்தன. எதிர்கால ஆய்வாளனுக்கு எது பயன்படும் என்பதைக் குறிப்பவர் முன்கூட்டி அறிய இயலாது. ஆதலின் தொடர்ச்சியே நாட்குறிப்பின் முதன்மையான தகுதியாகும். இரண்டாவது, அவர் எழுதியதைப் படிப்பார் இருந்தனர். அந்நாளில் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்டு கார்னக் டெம்பிள், ‘இந்தியன் ஆன்டிகுவாரி’ என்னும் ஆய்விதழின் ஆசிரியருமாவார். மொழி, வழக்காறு பற்றிய செய்திகளில் ஆர்வமுடைய ஒருவரின் நிருவாகத்தில் முகவரின் குறிப்பு கோப்பினுள் மறைந்துபோகாமல் அச்சேறும் வாய்ப்பு மிகுந்திருந்தது.

எனினும் இந்நிகழ்வைப் புகழ்ந்து அமைவது திறனாய்வாகாது. அச்சானவை ‘பகுதிகள்’ மட்டுமே. எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்னும் முடிவு எழுதியவரின் முடிவன்று. சமயப் பணியாளர் என்ற நிலையில் தீவினரின் சடங்குகளை அவர் நோக்கிய நோக்கில் சாய்வு இருந்திருக்கும். அதனைத் தாமே உணர்ந்து களைவதற்குரிய முறையியல் பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய குறிப்பு பிறருடைய ஆய்வுக்கு மூலப்பொருளாயிற்று; அவர் தகவல் தருபவராகவே நின்றார். ஆகவே மேற்சுட்டிய மூன்று காரணிகளுள் முதலிரண்டு அவரிடம் இருந்தன, மூன்றாவது இல்லை.

இன்றைய ஆசிரியரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒலியனியலும் உருபனியலும் அறிந்து பட்டம் பெற்றவர்கள் தீவுகளிலும் பணியாற்றுகின்றனர். பயிற்சி அவர்களிடம் உண்டு. அன்றாடம் குறிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் குறித்ததைக் கேட்பாரும் அவர்களுக்கு இல்லை.

4. தமிழகச் சான்றுகள்

மூன்று காரணிகளும் ஒருங்கே கூடினால் நிகழக்கூடியதற்கு உ.வே. சாமிநாதையர் சான்றாவார். 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவர், 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்படும் வரை அங்கேயே கற்பித்தார். சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகிய பதிப்புகள் அனைத்தும் அந்த 23 ஆண்டுகளில், கல்லூரிப் பணியின் ஊடே வெளிவந்தவை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பெற்ற பயிற்சி அவருக்கு முன்னரே இருந்தது. ஆனால் சங்க நூல்களின்பால் அவரைத் திருப்பியது, முன்சீப்பாக அவ்வூருக்கு வந்த சேலம் இராமசுவாமி முதலியார் 1880-இல் எழுப்பிய வினாவாகும். சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதோடு நில்லாமல், அதனைத் தமக்குப் பாடஞ் சொல்ல வேண்டுமென அவர் வற்புறுத்தினார். பொருள் விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று விளக்கம் பெறும் நிலை அதனால் ஏற்பட்டது. விடாது கேட்ட ஒருவரின் ஆர்வம் ஆசிரியரைப் பதிப்பாசிரியராக்கிற்று.

மயிலை சீனி. வேங்கடசாமியின் வாழ்வு வேறொரு வகைச் சான்று. பள்ளி ஆசிரியராகவே பணியாற்றிய அவர் கிறித்தவமும் தமிழும் (1936), பௌத்தமும் தமிழும் (1940), சமணமும் தமிழும் (1954) முதலிய நூல்களை எழுதினார். பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வு நிதியோ அவருக்குத் துணை நிற்கவில்லை. இடையறாது தேடித் தொகுக்கும் பழக்கமும், அவர் எழுத்தை எதிர்பார்த்த தமிழ் இதழ்களும் பதிப்பகங்களுமே துணை நின்றன. கேட்பவர் தனியொருவராக இருக்க வேண்டுவதில்லை, ஓர் இதழாகவும் இருக்கலாம் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

மொழியியல் துறையில் பயிற்சியளிக்கும் அமைப்பு எவ்வளவு பயன்தரும் என்பதற்குப் புனே தக்காணக் கல்லூரி சான்று. ராக்பெல்லர் அறநிறுவனத்தின் உதவியுடன் 1950-களின் நடுப்பகுதியில் அங்குத் தொடங்கிய கோடைக்காலப் பள்ளிகளும் குளிர்காலப் பள்ளிகளும் பல மாநிலங்களின் மொழி ஆசிரியர்களுக்கு விளக்க மொழியியலை அறிமுகம் செய்தன. ஆசிரியரை அவர் பணியிலிருந்து நீக்காமலே, விடுமுறைக் காலத்தில் அவருக்கு முறையியலைத் தந்தமை அப்பள்ளிகளின் சிறப்பு. பள்ளி முடிந்து ஊர் திரும்பிய ஆசிரியரின் குறிப்பேட்டை ஆண்டு முழுவதும் கேட்பதற்குரிய ஏற்பாடு அவற்றின் அமைப்பில் இல்லாமற்போனது குறையாகும்.

5. எழுதுதலும் கணக்குக் கேட்டலும்

மேற்கண்டவை தனிமனிதர் வரலாறுகள். அவற்றைக் கொண்டு பொதுவிதி வகுக்கலாமா என்னும் ஐயம் எழும். இது தொடர்பாக அமெரிக்க உளவியலார் ராபர்ட் பாய்ஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. கல்லூரி ஆசிரியர் 27 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, அவர்களின் எழுத்துப்பணியை அவர் கவனித்தார். நேரம் கிடைக்கும்போது மொத்தமாக எழுதலாம் என்று தம் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தவர்கள் ஓராண்டில் சராசரியாக 17 பக்கங்கள் எழுதினர். நாள்தோறும் சிறிது நேரம் எழுதியவர்கள் 64 பக்கங்கள் எழுதினர். நாள்தோறும் எழுதியதோடு, எழுதியதைப் பற்றிப் பிறருக்குக் கணக்குக் காட்டவும் கடமைப்பட்டிருந்தவர்கள் 157 பக்கங்கள் எழுதினர்.

இவ்வாய்வின் வரம்புகளையும் சுட்டுதல் வேண்டும். 27 என்பது சிறிய எண்ணிக்கை. பக்கங்களின் அளவு ஆய்வின் தரத்தைக் காட்டாது. தாமே முன்வந்தவர்களிடம் காணப்பட்ட விளைவு கட்டாயத்தின்பேரில் எழுதுவோரிடமும் காணப்படும் என்று கொள்வதற்கில்லை. எனினும் இரண்டாம் குழுவுக்கும் மூன்றாம் குழுவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. இரு குழுவினரும் அன்றாடம் எழுதியவர்களே. கேட்பவர் இருந்தமையே விளைவை இருமடங்கிற்கும் மேலாக உயர்த்தியது. சாலமனின் நாட்குறிப்பும் சாமிநாதையரின் சிந்தாமணியும் உணர்த்தும் கருத்தோடு இது ஒத்துச் செல்கிறது.

6. எண்ணிக்கை கேட்டலும் வினாக் கேட்டலும்

கேட்பவர் இன்றும் உளர், பல்கலைக்கழக மானியக் குழு கேட்கிறதே என்று கூறலாம். 2010-ஆம் ஆண்டு விதிமுறைகளின் வழியாகக் கல்விசார் செயல்திறன் குறியீடு என்னும் மதிப்பெண் முறை கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் புகுத்தப்பட்டது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்கிற்கு இத்தனை என மதிப்பெண் வகுக்கப்பட்டது. அதன் பின்னர் ஆய்விதழ் என்ற பெயரில் பணம் பெற்று எதையும் அச்சிடும் வெளியீடுகள் பெருகின. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் மானியக் குழுவே தன் ஏற்பளிப்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அதன்பின் வந்த கேர் என்னும் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது.

இம்முறையின் குறைபாடு இதழ்ப் பட்டியலில் இல்லை. கேட்கப்பட்ட கேள்வியில் உள்ளது. ‘எத்தனை எழுதினீர்?’ என்பது எண்ணிக்கை கேட்பது. ‘என்ன கண்டீர்? அது எவ்வாறு தெரியும்?’ என்பது வினாக் கேட்பது. முன்னதற்கு விடை சொல்ல அச்சிட்ட தாள் போதும். பின்னதற்கு விடை சொல்லத் தரவு வேண்டும். இராமசுவாமி முதலியார் சாமிநாதையரிடம் எத்தனை நூல் பதிப்பித்தீர் என்று கேட்டிருந்தால் சிந்தாமணி வெளிவந்திராது.

இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றத்தின் முயற்சியையும் இவ்விடத்தில் மதிப்பிட வேண்டும். 1969-இல் தோன்றிய அம்மன்றம் ஆண்டுக் கருத்தரங்குகளை நடத்தி, அவற்றின் கட்டுரைகளை ஆய்வுக்கோவை என்னும் தொகுதிகளாக வெளியிட்டது. கல்லூரி ஆசிரியர் பலருக்கு முதல் ஆய்வுக்கட்டுரையை எழுதும் வாய்ப்பையும், குறித்த நாளுக்குள் முடிக்கும் பழக்கத்தையும் அது தந்தது. இது குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆனால் பல கட்டுரைகள் அடுத்தடுத்துப் படிக்கப்படும் அரங்கில் ஒவ்வொன்றின்மீதும் விரிவான வினா எழுவதற்கு நேரமிருப்பதில்லை. ஓராண்டில் எழுந்த வினாவுக்கு அடுத்த ஆண்டில் விடையளிக்கும் மரபும் வலுப்பெறவில்லை. காலக்கெடு உண்டு, அச்சு உண்டு, மறுமொழி இல்லை என்பதே அம்முறையின் நிறையும் குறையுமாகும்.

பள்ளி ஆசிரியரின் நிலை இதனினும் வேறானது. அவரிடம் எவரும் எண்ணிக்கையும் கேட்பதில்லை, வினாவும் கேட்பதில்லை. பெரார்கஞ்ச் போன்ற வட்டத்தில் மொழித்தரவுக்கு மிக அருகில் நிற்பவர் அவரே. தீவுகளின் தலைநகரில் 1967-இல் தொடங்கிய ஜவகர்லால் நேரு அரசுக் கல்லூரி உண்டு. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயர்தான் அத்தலைநகர். அக்கல்லூரி நெடுங்காலம் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இயங்கியது. ஆய்வு நெறியாளரோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடல் கடந்து இருந்தார். தொலைவு ஓர் இடர்தான். ஆயினும் மாதக்கணக்கில் கப்பலையே நம்பியிருந்த காலத்தில் மூஸிலிருந்து இலண்டனுக்கு ஒரு நாட்குறிப்பு சென்றதை எண்ணும்போது, தொலைவே முதற்காரணம் எனக் கூற இயலவில்லை.

7. பெரார்கஞ்சில் இயலக்கூடியது

மேற்கண்ட மூன்று காரணிகளையும் ஒரு வட்டத்தின் அளவில் இணைப்பதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதுதல் முதற்படி. பேசியவரின் வயது, வீட்டுமொழி, குடும்பம் வந்த மாவட்டம், பேசப்பட்ட சூழல், கேட்ட தொடர் ஆகியவை அதில் அமைய வேண்டும், பெயர் வேண்டுவதில்லை. இக்குறிப்பில் மொழிபெயர்ப்பாளருக்குரிய பொருளும் உண்டு. பலமொழி வகுப்பறையில் ஆசிரியர் ஒவ்வொரு பாடவேளையிலும் மொழிபெயர்க்கிறார். பாடநூலின் கலைச்சொல் ஒன்றைத் தமிழில் விளக்கி, விளங்காதபோது அந்தமான் இந்தியில் விளக்கி, மீண்டும் தமிழுக்கு வருகிறார். எச்சொல் எவ்விளக்கத்தால் புரிந்தது, எது புரியவில்லை என்ற பதிவு கலைச்சொல்லாக்கக் குழுக்கள் எளிதில் பெற இயலாத சான்றாகும்.

ஆசிரியரின் முன்னிலையில் மாணவர் ‘திருத்தமாக’ப் பேச முயல்வர் என்னும் தடை எழுப்பப்படலாம். நோக்குவோர் இருப்பதால் பேச்சு மாறுவது குறித்து லபோவ் எழுதியுள்ளவை மொழியியலார் அறிந்தவை. இத்தடை மெய்யே. ஆயினும் ஓரிரு நாள் வந்து செல்லும் கள ஆய்வாளரைவிட, ஆண்டு முழுவதும் விளையாட்டிடத்திலும் பள்ளி வாயிலிலும் உடனிருக்கும் ஆசிரியர் இயல்பான பேச்சைக் கேட்கும் வாய்ப்பு மிகுதி. எது தம்மை நோக்கிக் கூறப்பட்டது, எது தற்செயலாகச் செவியில் விழுந்தது என வேறுபடுத்திக் குறிப்பதே இதற்குரிய முறையியல் தீர்வு. பயிற்சி பயன்படும் இடமும் இதுவே.

அண்மையில் உள்ளவை எல்லாம் ஆய்வுப் பொருளாகிவிடா என்பதும் வலியுறுத்தத்தக்கது. அந்தமான் நெடுஞ்சாலையில் ஜிர்க்காடாங்கிற்கு அப்பால் ஜாரவா காப்புப் பகுதி தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அங்கு நுழைவதைத் தடுக்கிறது. ஆர்வத்தின் பெயரால் அவ்வெல்லையைக் கடப்பது ஆய்வாகாது. ஆசிரியருக்கு உரிய களம் அவர் வகுப்பறையும், பெற்றோர் இசைவு தந்த வீடுகளும் ஆகும்.

பணிச்சுமை மிக்க ஆசிரியர்மீது மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகாதா என்பது மற்றொரு தடை. ஒரு பக்கக் குறிப்புக்கு அரைமணி நேரம் தேவையெனின், அந்நேரத்தைப் பதிவேடுகளை நிரப்பும் அலுவற் பணியிலிருந்து விடுவித்துத் தருவது நிருவாகத்தின் கடமை. அதனைத் தராமல் ஆய்வை மட்டும் எதிர்பார்ப்பது, மதிப்பெண் முறையின் பிழையை வேறு வடிவில் மீண்டும் செய்வதாகும்.

இவற்றினும் கடினமானது இரண்டாவது காரணி. குறிப்பேட்டை யார் கேட்பது? கல்வித்துறை கேட்டால் அது மற்றோர் அறிக்கையாகிவிடும். கேட்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் உள்ள மொழியியலாரே. ஒருவர் ஓர் ஆசிரியரை ஏற்று, மாதம் ஒருமுறை அவர் குறிப்பைப் படித்து, புகழாமல், திருத்தாமல், இரண்டு வினாக்களை மட்டும் எழுப்பி அனுப்பினாலும் போதும். அடுத்த மாதக் குறிப்பு அவ்வினாக்களை நோக்கிக் கூர்மையடையும். ஆண்டின் இறுதியில் கட்டுரையை எழுதுபவர் ஆசிரியராகவே இருத்தல் வேண்டும். குறிப்பை வாங்கித் தம் நூலின் பின்னிணைப்பில் சேர்த்து, முன்னுரையில் நன்றி கூறி நிறுத்தும் வழக்கம் சாலமனுக்கு நேர்ந்ததையே நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிகழச் செய்யும்.

8. முடிவுரை

ஆசிரியர் ஆய்வு செய்யாமைக்குக் காரணம் அவருடைய ஆர்வமின்மை என்றோ தகுதியின்மை என்றோ கூறுவது பொருந்தாது. தகுதியைப் பட்டங்கள் தந்துள்ளன. அன்றாடக் குறிப்புக்கு நேரம் தருவதும் அக்குறிப்பைக் கேட்டு வாங்குவதும் எவருடைய பொறுப்பாகவும் வரையறுக்கப்படாமையே குறையாகும். முன்னது நிருவாகத்தின் பொறுப்பு. பின்னது ஆய்வுலகத்தின் பொறுப்பு. எண்ணிக்கையைக் கேட்கும் முறை எண்ணிக்கையையே பெற்றது என்பதற்குக் கடந்த பதினைந்து ஆண்டுகள் சான்று. வினாவைக் கேட்கும் முறைக்கு ஓர் ஆசிரியரும், ஒரு குறிப்பேடும், மாதந்தோறும் மறுமொழி எழுதும் ஒரு மொழியியலாரும் போதும். பெரார்கஞ்ச் வட்டத்தில் குடியேறிய முதல் தலைமுறைத் தமிழரின் பேச்சு இன்னும் சில ஆண்டுகளே கேட்கக் கிடைக்கும் என்பதால், அதனை அங்குத் தொடங்குவது தக்கதாகும்.